வகுப்பில் சொன்ன பொய்

மார்ச் 4, செவ்வாய்

இந்த நாட்டு மொழி வகுப்பு. நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, ஜோடி ஜோடியாக உட்காரவைத்தார் டீச்சர். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். இரண்டு நிஜம், ஒன்று பொய். எது பொய் என்று எதிரில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். வேதியியல் முதுகலை படித்தவள் நான். மூன்று வாக்கியத்தை நான்கு தடவை அடித்துத் திருத்தினேன்.

என் ஜோடி தாமதமாக வந்த ஒரு சிவப்புக் கோட்டுக்காரி. வேறு ஏதோ நாட்டுக்காரி. எங்களுக்குப் பொதுவாக இருப்பது இந்த அரைகுறை மொழிதான்.

சொன்னேன்: எனக்கு ஒரு மகள். எனக்கு நீச்சல் தெரியாது. என் மகளுக்குப் பால் ஆகாது.

"அடப் பாவமே" என்றாள். எது பொய் என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

பாப்பாவை அழைத்துவரக் காப்பகத்துக்குப் போனால், சமையலறை வாசலில் சிவப்புக் கோட்டுக்காரி! அங்கேதான் வேலையாம். "உன் மகளா?" என்று பாப்பாவின் கன்னத்தைத் தட்டினாள். உள்ளே தெரிந்த முகம் ஒன்று இருப்பது நல்லதுதான்.

காப்பகத்தில் பேசுவதெல்லாம் இவர். நான் சிரிப்பதோடு சரி.

மார்ச் 11, செவ்வாய்

பாப்பா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அழுகை. புட்டிப் பாலை ஒரே மூச்சில் காலி செய்தாள். "பல்லு முளைக்குதுடி" என்றார் இவர். பல் முளைத்தால் பசிக்குமா?

மார்ச் 12, புதன்

இன்றும் அப்படியே.

மார்ச் 13, வியாழன்

பட்டினி போடுகிறார்களா? கேளுங்கள் என்றேன். "தப்பா நினைப்பாங்க. இங்க இடம் கிடைச்சதே பெரிசு. நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காத."

நான் கற்பனை பண்றேனா? பிள்ளை தொண்டை வத்த அழுவுது — அதுவும் கற்பனையா? எனக்குன்னு ஒரு வாய் இருந்தா இவர்கிட்ட ஏன் கெஞ்சணும்?

மார்ச் 14, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மற்ற பிள்ளைகள் கையில் பால். பாப்பாவின் கோப்பையில் தண்ணீர்.

"ஏன்?" என்றேன் பொறுப்பாளரிடம். அந்த ஒரு சொல் தானாக வந்தது.

சமையலறையிலிருந்து சிவப்புக் கோட்டுக்காரி ஓடி வந்தாள். "நீதானே சொன்ன, பால் ஆகாதுன்னு?"

 வகுப்பில் சொன்ன மூன்றாவது வாக்கியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அது பொய்."

"பெத்த பிள்ளை விஷயத்துல யாராவது பொய் சொல்லுவாங்களா?"

"டீச்சர்தான் சொல்லச் சொன்னாங்க."

பொறுப்பாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கே கேட்க நன்றாக இல்லை. "உங்க வீட்டுக்காரர்கிட்டயும் போன்ல கேட்டோமே. ஆமாம், ஆமாம்னாரே?"

அதன் பிறகு நான் பேசியதில் நேற்று, இன்று, நாளை எல்லாம் கலந்துகட்டி வந்திருக்கும். நாற்காலி, ஜோடி, விளையாட்டு, வீட்டில் குடிக்கிறாள், தினமும் குடிக்கிறாள். புட்டியைப் பிடிப்பதுபோல் நடித்தும் காட்டினேன். யாரும் தடுக்கவில்லை.

முதலில் சிரித்தவள் சிவப்புக் கோட்டுக்காரிதான், தலையில் அடித்துக்கொண்டு. "லேட்டா வந்தவளுக்கு அது விளையாட்டுன்னு யாரு சொன்னா?" பொறுப்பாளர் சிரிக்கவில்லை. ஆனால் பால் கோப்பையை என்னிடம் தந்தார். பாப்பா குடித்துவிட்டு இன்னொன்றுக்கும் கை நீட்டினாள்.

மாலை இவரிடம் கேட்டேன். "போன்ல ஆமாம்னு சொன்னீங்களாமே?"

"கடகடன்னு கேட்டாங்க. புரியல."

"எப்பவுமே இப்படித்தானா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். கோபம் வரவில்லை. இத்தனை நாள் இந்த ஆமாமை நம்பித்தான் இருந்திருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

காப்பகத்திலிருந்து போன். இவர் எடுத்து, ஒரு வாக்கியம் கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டினார். பாப்பாவுக்கு மாற்றுத் துணி பற்றி ஏதோ. "புரியல, மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொன்னார்கள்.

போனை வைத்ததும் இவர் கேட்டார்: "புரியலங்கறத எப்படிச் சொன்ன?"

சொல்லிக்கொடுத்தேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.