ஆ பக்கமும் பா பக்கமும்

போன ஞாயிறு ஸ்டெல்லா அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. சூடான பசை, கொஞ்சம் கருகிய ஃபோம், அதன்மேல் நீ பூசிய பச்சைப் பெயின்ட். அழுகை வந்துவிடுமோ என்று பயந்துதான் உன் வீட்டுக்குப் போனேன். வந்தது கோபம். உன் மனைவி பக்கத்தில் நிற்கிறாள் என்பதையும் மறந்து பெட்டியைப் பார்த்து, "அடப்பாவி" என்றேன். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நானும் டெய்லி அதத்தான் சொல்றேன், அண்ணா. வர்ற ஞாயித்துக்கெழம அவரு போயி வருஷமாவுது, பூசை வெச்சிருக்கேன். கோயில்லேர்ந்து வந்ததும் இத ஒரு வாட்டி பறக்க வுடுங்க. ரெண்டு வருஷம் என் ஹாலை அடைச்சிக்கினு இருந்துச்சு. பறந்து நான் பாத்ததே இல்ல."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் பயம் பிடித்தது. உன் கை கடைசியாகச் செய்த ஃபோம் விமானம் அது. ஏற்கெனவே ஒரு தடவை அதை உடைத்தவன் நான். உடைத்தது நான்தானா என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அதை வைத்துத்தானே நாம் பேசாமல் போனோம்.

ரயிலில் நீ முதன்முதலில் அந்தப் படத்தைக் காட்டிய காலை நினைவிருக்கிறதா? பங்காருப்பேட்டை தாண்டியிருக்காது. உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன். நீ போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாய்.

"இன்னாடா இது?"

"பிளேனு மச்சி. உலகப் போர்ல வுட்டது. ரெண்டு எஞ்சினு. பேரு மொஸ்கிட்டோ."

"போர் விமானத்துக்குக் கொசுன்னு பேர் வெச்சவன் எவன்டா?"

"அத வுடு. மொத்தமும் மரம் மச்சி. அவன் மரத்துல பண்ணி சண்டைக்கே வுட்டிருக்கான். நம்மால ஃபோம்ல பண்ணி மைதானத்துல வுட முடியாதா?"

ஐம்பது வயதை நெருங்கிய இரண்டு பேர் பேசுகிற பேச்சா அது? ஆனால் உன்னிடம் முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வராது. நீ வேலை பார்த்த பேக்கிங் கம்பெனியில் வீணாகும் ஃபோம் ஷீட்டுகள் ஒவ்வொன்றாக மாலை ரயிலேறி வந்தன. ஒரு நாள் கூட்டத்தில் ஒரு அம்மா நம் இறக்கைக்கான ஷீட்டின்மேல் தக்காளிக்கூடையை வைத்துவிட்டார். "அம்மா, அது பிளேனும்மா" என்று நீ கெஞ்சினாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். வேலை முடியும்வரை அந்த ரயில் பெட்டியில் நம் இருவருக்கும் "பிளேன்காரங்க" என்றே பெயர்.

முதல் இறக்கையை நாமே கரைத்தோம். கடையில் கிடைத்த பசையை ஊற்றினால் ஃபோம் புஸ்ஸென்று பள்ளம் விழுந்து கரைகிறது. நீ பதறாமல், "தெரிஞ்சிக்கினோம்ல?" என்றாய். அப்புறம்தான் குளூ கன் வந்தது. இறக்கைக்கு உள்ளே வைக்க ஸ்டெல்லாவின் துடைப்பத்திலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவினாய். துடைப்பம் இளைத்துக்கொண்டே போவது ஏன் என்று அவளுக்கு ஒரு மாதம் புரியவில்லையாம். போன ஞாயிறு அதைச் சொல்லித்தான் முதலில் சிரித்தாள்.

இப்போது உன்னுடைய அந்தப் பழக்கத்துக்கு வருகிறேன். எல்லாக் குழப்பத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உன் வாயில் இடது வலது என்று ஒரு நாளும் வராது. உன் அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். அடியில் லெவல் என்கிற சுரங்கப் பாதையில் நடக்கும்போது லெஃப்ட் ரைட் என்று பேசினால் திரும்பி நிற்கிற ஆள் குழம்பிவிடுவான், அதனால் கூண்டு இறங்குகிற குழியை வைத்து 'ஷாஃப்ட் பக்கம்', 'பாறை பக்கம்' என்றுதான் பேசிக்கொள்வார்களாம். சுரங்கத்தை மூடிய பிறகும் உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நிற்கவில்லை. உப்பு எங்கே என்று கேட்டால் ஸ்டெல்லாகூட, "பாலகாட் பக்கம் பாருங்க, அடுப்பாண்ட" என்பாள். ஊருக்கு ஒரு பக்கம் பாலகாட், மறுபக்கம் ஆண்டர்சன்பேட்டை. என் அப்பா மேலே ஆபீசில் இருந்தவர். எங்கள் வீட்டில் இடது வலது உண்டு. இதை வைத்து உன்னை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்.

நீ அசையவே மாட்டாய். "லெஃப்ட்டு ரைட்டு திரும்பி நின்னா மாறிப்பூடும். ஊரு மாறுமா?"

அதனால் கொசுவின் இரண்டு மோட்டாரிலும் மார்க்கரால் நீ எழுதியது இரண்டு எழுத்து. ஆண்டர்சன்பேட்டையைப் பார்த்த மோட்டாருக்கு 'ஆ'. பாலகாட்டைப் பார்த்த மோட்டாருக்கு 'பா'. ஜன்னலைப் பார்த்து மூக்கை வைத்தபோது ஆ இடது, பா வலது. மனப்பாடம் செய்துகொண்டேன். நம் கொசுவுக்கு வாலில் திருப்புகிற துடுப்பு கிடையாது. ரிமோட்டில் குச்சியை இடதுபக்கம் தள்ளினால் இடது மோட்டார் மெதுவாகும், வலது வேகமாகும், விமானம் இடதுபுறம் திரும்பும். அவ்வளவுதான் கணக்கு. மோட்டார்களிலிருந்து வருகிற வயரின் முனைகளிலும் நீ ஆ, பா என்று எழுதிக் கொடுத்தாய். ஆ வயரை வயிற்றுக்குள் இருந்த ரிசீவரின் இடது ஓட்டையில் சொருகியவன் நான்.

சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே அந்தக் காலி மைதானத்துக்குப் போனோம். காற்று இல்லாத காலை. நீ கொசுவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாய். நான் மூக்குக்கு நேரெதிரே நின்று குச்சியை இடதுபக்கம் தள்ளிப் பார்த்தேன். என் இடது கைப் பக்கம் இருந்த மோட்டார் மெதுவானது. "ஓகே மச்சி!" என்று கத்தினேன். அப்புறம் உன் பின்னால் வந்து நின்றேன். நீ வீசினாய்.

பதினோரு விநாடி பறந்தது. நீதான் எண்ணினாய். ஏழு வரைக்கும் நான் சின்னப்பிள்ளை மாதிரி கூவிக்கொண்டிருந்தேன். பிறகு இடதுபக்கம் திருப்பினேன், அது வலதுபக்கம் போனது. இன்னும் இடது தள்ளினேன். இன்னும் வலது போனது. சுழன்றுகொண்டே வந்து மூக்கால் மண்ணில் குத்தியது.

"ஸ்டிக்க தப்பா தள்ளிட்டடா" என்றாய்.

"நான் செக் பண்ணேன்டா, உன் எதிர்லயே. உன் வயரிங்தான் தப்பு."

"என் மார்க்கு கரெக்டு."

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதாமல் விடலாம். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். "லெஃப்ட்டு ரைட்டு தெரியாதவன்கூட பிளேன் பண்ண வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்." நீ உடைந்த துண்டுகளை ஒரு துண்டு விடாமல் பொறுக்கிச் சட்டையில் கட்டிக்கொண்டு பனியனோடு நடந்து போனாய். மறுநாளிலிருந்து நீ வேறு பெட்டி. மூன்று மாதம் அதே ரயிலில் போனோம், வந்தோம். பிளேன்காரர்களில் இன்னொருவர் எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ரயில் ஊர் வந்து சேர்ந்து, கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நீ என் பெட்டி வாசலில் வந்து நின்றாய். மன்னிப்பு கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். அதற்காக முகத்தைக்கூட விறைப்பாக வைத்துக்கொண்டேன். நீ கேட்டது:

"டேய், வாட்ச் எந்தக் கையில கட்டுவ?"

மூன்று மாதம் கழித்து வந்து இதையா கேட்பாய்? கிண்டல் என்று நினைத்தேன். "நேரம் பாக்கற கையில" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் நீ சிரித்தது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மார்வலி என்று போன் வந்தது. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னைக் குழிக்குள் இறக்கும்போதும் எனக்கு அந்தக் கேள்விதான் மண்டையில் ஓடியது. எல்லாரும் ஜெபம் சொல்கிறார்கள், நான் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது. ஒரு வருஷம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாட்ச் வாங்கித் தர நினைத்தாயா? நேரம் சரியில்லை என்று குத்திக் காட்டினாயா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

போன ஞாயிறு அட்டைப்பெட்டிக்குள் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது உடைந்த துண்டுகளை. உள்ளே இருந்தது முழு விமானம். மூக்கு புதிது, இறக்கை ஒட்டியது தெரியாதபடி தேய்த்திருந்தாய். ஸ்டெல்லா அதை எடுத்து வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கு என்னைப் பார்த்தது. ஓட்டுகிறவன் உட்காரும் இடத்தில் ஒரு பொம்மை. சுண்டுவிரல் அளவு. ஃபோம் துண்டில் செதுக்கி, தொப்பி வைத்து, ஒரு மணிக்கட்டில் கறுப்பு நூலை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாய்.

"வாட்ச் கட்டி வுட்டிருக்காரு பாருங்க" என்றாள் ஸ்டெல்லா.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இதுலயும் தப்பு பண்ணிட்டான் பாரும்மா. வலது கையில கட்டியிருக்கான்" என்றேன்.

அவள் பொம்மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இல்லியே அண்ணா, அது லெஃப்ட்டு கைதான். நீங்க எதுத்தாப்ல நிக்கிறீங்க. அவன் பக்கமா வந்து பாருங்க."

அவள் பக்கமாகப் போய் வாலுக்குப் பின்னால் நின்றேன். நூல் இடது கையில் இருந்தது.

மச்சி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மைதானத்தில் நான் நேரெதிரே நின்றுதான் சரிபார்த்தேன். என் இடது கைப் பக்கம் மெதுவானது கொசுவின் வலது மோட்டார். அதைப் பார்த்துத்தான் ஓகே என்று கத்தினேன். அப்படியானால் வயரும் மாறித்தான் இருந்திருக்க வேண்டும். வயிற்று மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு வயரிலும் பழைய எழுத்தை அடித்து மாற்றி எழுதியிருந்தாய். ஆ இருந்த இடத்தில் பா, பா இருந்த இடத்தில் ஆ. மோட்டாருக்குக் குறி போட்டபோது மூக்கு ஜன்னலைப் பார்த்திருந்தது. வயருக்குக் குறி போட்டபோது வால் ஒட்டுவதற்காக அதை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தாய். ஊர் மாறவில்லை, விமானம் திரும்பிவிட்டது. நான் மட்டும் ஒழுங்காகப் பார்த்திருந்தால் உன் தப்பு அங்கேயே தெரிந்திருக்கும். உன் தப்புக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி என் தப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இப்படி ஒரு பொருத்தம் வேறு எவனுக்கு அமையும்?

நீ இதைக் கண்டுபிடித்துவிட்டாய். கண்டுபிடித்துவிட்டுத்தான் ரயில் வாசலுக்கு வந்தாய். எதற்கு நேராகச் சொல்லித் தொலைக்கவில்லை? "பொம்ம செய்யும்போது தானா சிரிச்சிக்கினு இருந்தாரு. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள் ஸ்டெல்லா. உன்னை நினைத்துச் சிரித்தாயா, என்னை நினைத்தா? என்னிடம் தோற்றுப்போக வந்தாயா, என்னை மடக்க வந்தாயா? இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் என்று தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே இல்லை என்றும் தோன்றுகிறது.

இன்று பூசை முடிந்து மைதானத்துக்குப் போனோம். ஸ்டெல்லா பூசைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு கொசுவைத் தூக்கிப் பிடித்தாள். இந்தத் தடவை வாலுக்குப் பின்னால் நின்று மூன்று முறை சரிபார்த்தேன். "வுடுறதா வேணாமா? சொல்லுங்க, கை வலிக்குது" என்று அதட்டினாள். விடு என்றேன்.

போகும்போது ஒழுங்காகப் போனது. சயனைடு மேட்டுக்கு மேல் வளைந்து எங்களை நோக்கித் திரும்பியதும் என் மூளை நின்றுவிட்டது. எதிரே வருகிறது, எது இடது, எது வலது? ஒரு விநாடி அன்றைக்கு மாதிரியே கை தப்பான பக்கம் போனது. இறக்கை சாய்ந்தது. ஸ்டெல்லா, "அண்ணா!" என்று கத்தினாள். நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். அந்தச் சுண்டுவிரல் பயலின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வாட்ச் கை, வாட்ச் கை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குச்சியைத் தள்ளினேன். கொசு நிமிர்ந்து எங்கள் தலைக்கு மேல் ரீங்காரத்தோடு போனது.

நான்கு சுற்று. வயிற்றால் புல்லில் இறங்கியது. இறக்கை நுனி கொஞ்சம் பிளந்துவிட்டது, ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா என் தொடப்பத்த உருவுனாரு?" என்றாள். அப்புறம், "இன்னொரு வாட்டி வுடுங்க" என்றாள். சார்ஜ் தீரும்வரை விட்டோம்.

இப்போது கொசு என் வீட்டு மேசையில் இருக்கிறது. விரலில் பசை காய்ந்து உரிகிறது. உன் கேள்விக்குப் பதில் தெரிந்தும் குழப்பம் தீரவில்லை. அன்று நான் திரும்பிப் பார்த்திருந்தால் நீ அடுத்து என்ன சொல்லியிருப்பாய் என்று யாரிடம் போய்க் கேட்பேன்? இனி யார் இடது என்று சொன்னாலும் என் கண் மணிக்கட்டுக்குத்தான் போகும். நாளை காலை ரயிலில் நீ மாறிப்போன பெட்டியில் ஏறப்போகிறேன். அந்த வாசலில் நின்று சொல்ல வேண்டியதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

இடது கையிலதான்டா, மச்சி. நான் தப்பா நின்னுட்டேன்.