ஒரு ‘க்கு’ செய்த வேலை

கண்டி பஸ் வருவதற்குள், நர்ஸ் சுகிர்தா கணவன் நிரஞ்சனுக்குச் சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

“என்னங்க, பருப்பு அடுப்புல இருக்கு. சாவி ஜன்னல்ல. அம்மா கலஹா வீட்டுக்கே திரும்பிப் போறேன்னு பேக்கைக் கட்டி வச்சிட்டுத் தூங்குறாங்க. நேத்து உங்க கோழிக்கறியைப் புகழ்ந்தவங்ககிட்ட ‘கடமைக்குத்தான் சமைச்சேன் அத்தை’ன்னு சொன்னீங்களே, அதான்! நீங்க சிங்கள மீடியத்துல படிச்சவரு, ‘என் கடமை’ன்னுதான் சொல்ல வந்தீங்க, எனக்குப் புரிஞ்சிச்சு. ஆனா தமிழ்ல ‘கடமைக்கு’ன்னா வேண்டாவெறுப்பா செஞ்சேன்னு அர்த்தம். அம்மா எழும்பினதும் ஒரு கப் பிளேன்டி ஊத்திக் குடுத்து, ‘ஆசையாத்தான் சமைச்சேன்’னு சொல்லுங்க. கட்டாயம் சொல்லுங்க!”

வாசல் வரை போனவள், தன் யூனிஃபோமின் மடிப்புக் கலையாத கையைத் தடவிப் பார்த்தாள். விடியுமுன் அவன் எழுந்து அயர்ன் பண்ணியது. திரும்பி வந்து, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

“யூனிஃபோம் கடமைக்கு அயர்ன் பண்ணின மாதிரி தெரியலையே! சரி, நான் டியூட்டிக்குப் போறேன். பயப்படாதீங்க, இந்த ‘க்கு’ கடிக்காது.”