காவிச் சட்டையில் கரைந்த மாதா முகம்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
செப்டம்பர் 15

அன்புள்ள நோரா கண்ணுக்கு மம்மி எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்கும் டாடிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அயர்லாந்தில் அதற்குள் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டுதான் டூட்டிக்குப் போகிறாயா என்பதே என் கவலை. டாடிக்கு சுகர் இறங்கியிருக்கிறது, ஆனால் பேக்கரி வாசலில் இன்னமும் கால் தானாக நின்றுவிடுகிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப்போகிறது, அதனால்தான்.

சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்கு நடந்துபோகிற நம் தெருக்காரர்களுக்கு நாற்பது காவி டி-ஷர்ட்டில் மாதா படம் போட்டுத்தரச் சொல்லி கிளாரன்ஸ் அங்கிள் கேட்டபோது நீ படித்துப் படித்துச் சொன்னாய். மம்மி, அந்த காபி மக்கில் படம் போடுகிற மெஷின் கலர் காட்டனுக்கு ஆகாது, அதில் வெள்ளை இங்க்கே கிடையாது, வெள்ளை பாலியஸ்டரில்தான் பிடிக்கும், புதுசா ஆரம்பிக்கிறவங்க கடையில் ஃபிலிமில் பிரிண்ட் எடுத்துவந்து சூட்டில் ஒட்டினால் போதும், அதில் படத்துக்கு அடியில் வெள்ளை இருக்கும் என்றாய். முப்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவளுக்கு நேற்றுப் பிறந்தவள் துணியைப் பற்றிச் சொல்லித்தருவதா என்று எனக்கு ரோஷம். சிக்பேட்டைக் கடைக்காரன் வெள்ளைச் சட்டையில் ரோஜாப்பூ போட்டுக் காட்டி, எல்லா பட்டெகூ ஆகுத்தெ மேடம் என்றான். எந்தத் துணிக்கும் ஆகும் என்று அவனே சொன்ன பிறகு என்ன என்று மெஷினைத் தூக்கிவந்துவிட்டேன். டாடி வாக்கிங் போகிற வெள்ளை பாலியஸ்டர் சட்டையில் போட்டுப் பார்த்தேன், மாதா முகம் அப்படியே ஜொலித்தது. காவியில் போட்டதும் நீல முக்காடு சேற்று நிறமாகிவிட்டது. பழைய படம் மாதிரி பக்தியாகத்தானே இருக்கிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு கொடியேற்றத்தன்று எல்லோருக்கும் கொடுத்தேன். முதல் அலசலிலேயே முகம் போய்விட்டது. கிளாரன்ஸ் அங்கிள் வீட்டு பியாட்ரிஸ் ஆன்ட்டி ஈரச் சட்டையோடு வந்து, மாதாவுக்கு முகமே இல்லையே ஐரின் என்று அழுதுவிட்டார். நோராதான் இந்த மெஷினை வாங்கச் சொன்னாள் என்று அப்போது என் வாயிலிருந்து வந்தது கண்ணு. நீ கடல் தாண்டி இருக்கிறாய், உன் காதுக்கு எங்கே எட்டப்போகிறது என்ற தைரியம்.

டிசம்பரில் தன் பேத்தி ஞானஸ்நானத்துக்கு உன்னைத்தான் ஞானத்தாயாக வைப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பியாட்ரிஸ் ஆன்ட்டி அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாதா காரியத்திலேயே இவ்வளவு அலட்சியமா அந்தப் பெண்ணுக்கு என்று பூசை முடிந்து கோயில் வாசலில் சொன்னாராம். அதைக் கேட்டும் கல்லு மாதிரி இருந்தேன். நேற்று கிளாரன்ஸ் அங்கிள் வந்து, நோராவை ஒன்றும் திட்டாதே ஐரின், நானே போன் போட்டுக் கேட்டேன், ஆமா அங்கிள், நான்தான் சொன்னேன், தப்பு என்னோடதுதான்னு உடனே ஒத்துக்கிட்டா என்றார். எப்போது கேட்டீர்கள் என்றேன். போன வாரமாம். அந்த வாரம் முழுக்க நீ என்னிடம், சாப்டீங்களா மம்மி, மாத்திரை போட்டீங்களா என்றுதானே கேட்டாய். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

திரும்பி வந்த சட்டைகள் தையல் மெஷின் பக்கத்தில் மூட்டையாகக் கிடக்கின்றன, மாதா படம் பட்ட துணி, தரை துடைக்கவும் முடியாது, குப்பையில் போடவும் மனசு வராது. நீ சொன்ன மாதிரி ஃபிலிம் எடுத்துவந்து ஒன்றில் ஒட்டி மூன்று தரம் துவைத்துப் பார்த்தேன், கண், மூக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. இந்தக் கடிதத்தை உறையில் போடுமுன் பியாட்ரிஸ் ஆன்ட்டி வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டப்போகிறேன். வாயால் சொன்னால் நடுவில் மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. இனிமேல் எனக்காக நீ பொய் சொல்லாதே கண்ணு, மம்மி தாங்கமாட்டேன்.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். டூட்டி முடிந்து வந்து பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி சோறாவது வடித்துச் சாப்பிடு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
மம்மி, ஐரின்

நோரா, நான் பியாட்ரிஸ் ஆன்ட்டி. உன் மம்மி எங்க சோபாவுல உட்கார்ந்து முழுசா படிச்சாங்க. நடுவுல ரெண்டு தரம் நிறுத்தினாங்க, நான் விடலை. ஞானஸ்நானம் டிசம்பர் 28. இப்பவே லீவு சொல்லிடு.