அட்டையில் இல்லாத முகம்

மணிலா, ஆகஸ்ட் 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகமா இருக்கேன். உங்க இருமல் எப்படி இருக்குது?

நான் டிரம்ஸ் அடிக்கிற ராக் குழுவோட நல்ல பாட்டையெல்லாம் சேர்த்து, வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு ஒரு ரெக்கார்டு போட்டிருக்காங்கப்பா. எல்லாத்துலயும் என் அடிதான். அட்டைப் படத்துல மட்டும் எங்க குழு முதலாளியோட மச்சான் குச்சியைப் பிடிச்சிக்கினு நிக்கிறான். பிலிப்பைன்ஸ் குழுன்னா பிலிப்பைன்ஸ் முகம்தான் இருக்கணுமாம். நம்ம ஊரு கூரத்துல திருவிழாவுக்கு நீங்க பறையடிப்பீங்க, சாமி ஊர்த்தெருவுல நுழைஞ்சதும் உங்களை வெளியிலயே நிறுத்திடுவாங்க. அது பொறுக்காமத்தான் கப்பல் ஏறினேன்.

போனா போவுது. ரெக்கார்டு அனுப்புறேன். மைக்செட் துரைக்கண்ணு கிட்ட போடச் சொல்லுங்க. ஸ்பீக்கர் குழாயை நம்ம தெருப் பக்கம் திருப்பமாட்டாரு, ஏரிக்கரையில நின்னு கேளுங்க. உங்க பழைய பறைக்குச்சி ஒண்ணு அனுப்புங்கப்பா.

தபாலுக்கு நேரமாச்சு. அம்மா கிட்ட அட்டையைக் காட்டாதீங்க. அதுல அம்மா என்னைத் தேடும்.

உங்க மகன்
வீராசாமி