நடுத்துண்டு

காலையில் பஞ்சாயத்து ஆட்கள் வந்து கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். மழை விட்டு இரண்டு நாள். வாளியில் கரைத்து ஊற்றிய சத்தம் என் அறைவரை கேட்டது. பிறகு அந்த மணம். ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் இருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன், அங்கிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து மறுபடி அறைக்கு. டப்பாவுக்குள் இருப்பதை மணம் ஒன்றும் செய்யாது. தெரிந்தும் நடந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருடமாகச் சொல்லவில்லை.

எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் ஆய்வுக்காக நாம் கீரிப்பாறை ஓடைக்குப் போன நாளிலிருந்து தொடங்குகிறேன். கோழி ஈரலை நூலில் கட்டிக் கல்லுக்கடியில் விட்டால் தட்டைப்புழுக்கள் வந்து ஒட்டும் என்று நீ எங்கோ படித்திருந்தாய். பஸ்ஸில் ஈரல் பை ஒழுகியது. கண்டக்டர் குனிந்து பார்த்து, "இதென்ன பிள்ள, கொலையா?" என்றார்.

"கொல இனிமதான் அண்ணே" என்றாய் நீ.

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னோடு போகும்போதெல்லாம் நான் வெளியே பார்க்க வேண்டியிருந்தது.

நகத்தளவுப் புழு. பழுப்பு நிறம், அம்பு முனை போலத் தலை, அதில் மாறுகண் போட்டதுபோல இரண்டு புள்ளிகள். ஐஸ் கட்டிமேல் வைத்து நீ வெட்டுவாய். நான் விளக்கைப் பிடிப்பேன். தலையையும் வாலையும் நீக்கிவிட்டு நடுத்துண்டைத் தண்ணீரில் விட்டால் பத்து நாளில் முன்பக்கம் தலையும் பின்பக்கம் வாலும் முளைத்துவிடும். எந்தப் பக்கம் எது என்று ஒருமுறைகூடத் தவறாது. எனக்கு அது பயமாக இருந்தது. உனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னாய்.

ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் உள்ளே ஒரு மின்னழுத்தம், வெளியே வேறொன்று. அடுத்தடுத்த செல்களுக்கு இடையே சிறு கதவுகள். அவற்றின் வழியே மின்னோட்டம் போய் வந்து, மொத்த உடம்பும் எந்த உருவத்தை எடுக்க வேண்டும் என்பதைச் செல்கள் தமக்குள் முடிவு செய்கின்றன. நான் இப்படித்தான் எழுதினேன். நீ என்னைக் குளச்சலுக்குக் கூட்டிப்போய், கரையில் நின்று கரமடி வலை இழுப்பதைக் காட்டினாய். இரண்டு கயிறுகள். ஒவ்வொன்றிலும் இருபதுபேர். வலை தூரத்தில், தண்ணீருக்கடியில்.

"இதுல யாருக்காவது வலை முழுசும் தெரியுமா? ஒருத்தனுக்கும் தெரியாது. கையில உள்ள கயிறு இழுவுதா, தளருதா, அவ்வளவுதான் தெரியும். ஆனா வலை வளைஞ்சு சரியா வரும் பாரு."

வந்தது. உன் அப்பா கயிற்றைத் தோளில் போட்டபடி நம்மைப் பார்த்துக் கத்தினார். "வேடிக்க பாக்காண்டாம், வந்து பிடிங்க ரெண்டுபேரும்." பிடித்தோம். என் கை மூன்று நாள் எரிந்தது.

பிறகுதான் அந்தச் சோதனை. செல்களுக்கு இடையிலுள்ள கதவுகளை இரண்டு நாள் மட்டும் அடைத்துவைக்கும் திரவம். நடுத்துண்டுகளை அதில் போட்டாய். எடுத்துக் கழுவி வெறும் தண்ணீரில் விட்டாய். சில செத்தன. சில பழையபடி வளர்ந்தன. பதினொன்று, இரண்டு பக்கமும் தலையோடு வளர்ந்தன. வால் இல்லை. மரபணுவில் எதுவும் மாறவில்லை. மாதங்கள் கழித்து வெறும் தண்ணீரிலேயே அவற்றின் இரு தலைகளையும் வெட்டினாலும் மறுபடி இரண்டு தலைகள். இரண்டே நாள் நடந்த ஒன்றை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டேன். நீ கயிற்றை இழுப்பதுபோலக் கையைக் காட்டினாய்.

உனக்கு நோய் என்று தெரிந்தபோதும் இதையேதான் சொன்னாய். "எனக்க உள்ள நாலுபேரு கயித்த விட்டுட்டு தனியா மீன் பிடிக்கப் போயாச்சு ஏட்டி." சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. புற்றுநோய்ச் செல்களைப் பற்றி அப்படி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். பக்கத்துச் செல்களோடு பேச்சு அறுந்து, தன்னை மட்டுமே உடம்பென்று எண்ணிக்கொள்ளும் செல். தெரிந்து என்ன.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று ஐஸ்கிரீம் டப்பாவை என்னிடம் கொடுத்தாய். பதினொன்றும் உள்ளே.

"பைப்பு வெள்ளம் ஊத்தாத, அதுல குளோரின் கெடக்கும். ஒங்க வீட்டுக் கிணத்து வெள்ளம் மட்டும். கேட்டியா?"

கேட்டேன். சொன்னபடியே செய்தேன். அதுதான் என் தவறு.

ஐப்பசி மழை பத்து நாள் பெய்து கிணறு கலங்கியிருந்தது. நான் புதுக்கடைச் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் பஞ்சாயத்து ஆட்கள் ப்ளீச்சிங் பவுடரோடு வந்திருக்கிறார்கள். அம்மா கிணற்று மூடியைத் திறந்துவிட்டிருக்கிறாள். அன்று எனக்கு ஜலதோஷம், மூக்கில் எந்த மணமும் ஏறவில்லை. தினம்போல ஒரு கோப்பை கோரி, துணியில் வடிகட்டி, டப்பாவில் ஊற்றினேன். அரைமணி நேரத்தில் புழுக்கள் சுருண்டன. சாயங்காலம் சளிபோலக் கரைந்துகிடந்தன. ஒன்றில் மட்டும் இரு தலைகளும் கரைந்து நடுத்துண்டு மிஞ்சியிருந்தது. ஊசியால் தொட்டால் அசைந்தது. பக்கத்து வீட்டில் மழைக்கு முன்பு கிணற்றில் கோரிவைத்த குடத்திலிருந்து தண்ணீர் வாங்கி அதில் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் தலையில் முடி இல்லை. அதைப் பற்றி நீயே ஏதோ கிண்டல் செய்தாய். பிறகு, "ரெண்டு தலைக்காரிகளுக்க வீடியோ எடுத்தியா?" என்றாய்.

மழைக்கு முன், செப்டம்பரில் எடுத்த வீடியோவைக் காட்டினேன்.

போனை முகத்தருகே வைத்து முழுதும் பார்த்தாய். இருமுறை பார்த்தாய். "மழ பெய்ஞ்சும் வெள்ளம் நல்லா தெளிஞ்சு கெடக்கே."

"வடிகட்டினேன்."

"ம்."

அவ்வளவுதான். வேறு பேசினோம். இட்லி கல்மாதிரி இருக்கிறது என்றாய். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். நான்காம் நாள் நீ இல்லை. கடற்கரை மாதா கோயில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் கூட்டத்தின் பின்னால் நின்று அந்த "ம்"மைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்து சொன்னதா, களைப்பில் வந்ததா?

அடக்கத்துக்கு மறுநாள் நடுத்துண்டின் ஒரு முனையில் இரண்டு கரும்புள்ளிகள். கண்கள். மறுமுனை வெளுத்துக் கிடந்தது. அங்கே வால் வந்தால் எல்லாம் முடிந்தது. தலை வந்தால், நீ செய்த ஒன்று மிச்சமிருக்கிறது. மூன்று நாள் டப்பாவை விட்டு நகரவில்லை. மணிக்கொரு முறை லென்ஸை வைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் மறுமுனையிலும் இரண்டு புள்ளிகள். பொய் சொன்ன பத்தாவது நாள் அது பாதி உண்மையாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நீ.

இன்று மத்தியானம் உன் அம்மா வந்தாள். புதுக்கடைச் சந்தையில் மீன் விற்று முடித்து, வெறும் கூடையோடு. ஒரு வருடத்தில் முதல்முறை.

"அந்தப் புழு ஒங்கிட்டதான் இருக்காமே. காட்டு பாப்போம்."

காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "இது எந்தப் பக்கம் போவும்?"

"ரெண்டு பக்கமும் இழுக்கும். போகாது."

"ஒங்க ரெண்டுபேரையும்போல." பிறகு, "ஒண்ணுதானா?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, மூக்கடைப்பு, செப்டம்பர் வீடியோ, நடுத்துண்டு. கூடைமேல் கையை வைத்தபடி கேட்டாள்.

"நடுத்துண்டுதான் நல்ல துண்டு. மீன் வாங்க வாறவளுவ எல்லாம் அதத்தானே கேப்பாளுவ." கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "ஒண்ணாவது பிழச்சுக் கெடக்கும்ணு அவ சொன்னா."

"எப்பம்மா?"

"நீ வந்துட்டுப் போன அன்னைக்கு. ஒங்கிட்ட ஒண்ணும் கேக்கப்பிடாது, ஒனக்கு மனசு கெடந்து அடிக்கும்ணும் சொன்னா."

நான் ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே இரண்டாம் முறையும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறாய்.

"இது அவளுக்க கை பட்டதா மக்கா?"

அந்தப் புழுவின் செல்கள் ஓயாமல் செத்து ஓயாமல் புதிதாக வருகின்றன. உன் பிளேடு தொட்ட செல் ஒன்றுகூட இன்று அதில் இருக்காது. இரண்டு தலை வேண்டும் என்ற முடிவு மட்டும் செல்லிலிருந்து செல்லுக்கு வந்துகொண்டிருக்கிறது.

"பட்டதுதான் அம்மா."

தொடலாமா என்று கேட்டாள். கையில் மீன் உப்பு. கிணற்றுத் தண்ணீர் ஆகாது. மழை தொடங்கும் முன்பே இந்த வருடம் கிணற்றிலிருந்து இரண்டு குடம் கோரி மூடிவைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு செம்பு எடுத்து அவள் கையில் ஊற்றினேன். போதுமென்று தோன்றாமல் இன்னொரு செம்பு.

சுண்டுவிரலை டப்பாவுக்குள் விட்டாள். ஒரு தலை விரலை நோக்கி நகர்ந்தது. மற்றது டப்பாவின் இருட்டுமூலைக்கு இழுத்தது. நடுவில் உடம்பு நூலாக நீண்டு, எந்தப் பக்கமும் அறுந்துவிடாமல் நின்றது. அவள் விரலை எடுக்கவில்லை. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.