ஐந்து தாய்மாமன்கள்

ஜூலை 2, புதன்

சாம்பார். அத்தை குக்கரில் வைத்து, சட்டிக்கு மாற்றி, சட்டியிலிருந்து ஹாட்பாக்ஸுக்கு மாற்றி, ஹாட்பாக்ஸிலிருந்து கிண்ணத்தில் எடுத்து, தட்டில் ஊற்றினார். கழுவியது நான். ஒரு கரண்டி சாம்பாருக்கு நாலு பாத்திரம்.

மதியம் என் கணவர் சாம்சன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் பிளக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் புகை விட்டு நின்றுவிட்டதாம். செல்வமணி அண்ணாச்சி பேனர் வரையும் பழைய சாப்ட்வேரும், அவர் பார்க்காமலே தட்டும் தமிழ் எழுத்துகளும் அந்தப் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புதுக் கம்ப்யூட்டர் அந்த விண்டோஸை ஏற்காது. அண்ணாச்சி புது சாப்ட்வேரை ஏற்க மாட்டார். மாமனார் காலத்திலிருந்து பதினெட்டு வருடமாக இருப்பவர். அவர் இல்லாவிட்டால் கடையில் மிச்சம் ஒரு பிரிண்டரும் சாம்சனும்தான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இது என் வேலைதாங்க, ரெண்டு நாள் குடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

பொய்யில்லை. புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் நடிக்க வைப்பதுதான் என் பிழைப்பு. மெய்நிகர் கணினி என்று பெயர். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்காக மாடியில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறேன். நான் நாள் முழுக்க டிவி பார்ப்பதாக அத்தை நினைக்கிறார்.

ஜூலை 4, வெள்ளி

ஓடிவிட்டது! புதுக் கம்ப்யூட்டர், எங்கள் கம்பெனி சாப்ட்வேர், அதற்குள் பழைய விண்டோஸ், அதற்குள் அண்ணாச்சியின் எழுத்துகள் எல்லாம் அப்படியே. தலைகால் புரியவில்லை. அத்தையிடம் சொன்னேன்.

"முன்னாடியும் இதத்தான காட்டிச்சு?" என்றார்.

ஜூலை 5, சனி

ஓடவில்லை, ஊர்கிறது.

அண்ணாச்சி மவுஸை இழுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "வா... வா..." என்று கூப்பிட்டார். கொஞ்சம் கழித்து அம்புக்குறி வந்து சேர்ந்தது.

"நான் இங்கன இழுத்தா, அது ராயகிரி போய் பஸ் மாறி வருதும்மா."

திங்கட்கிழமை சரிசெய்துவிடுகிறேன் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

அம்புக்குறி இன்னும் ராயகிரியில்.

ஜூலை 12, சனி

ஐயோ.

நாளை ஒரு வீட்டில் காதணி விழா. இருபதடி பேனர். பாப்பா படம் நடுவில், தாய்மாமன் படம் பக்கத்தில். மாமன் பெயர் சுயம்புலிங்கம், வாசுதேவநல்லூரில் உரக்கடை வைத்திருக்கிறார். அண்ணாச்சி மாமன் படத்தை ஒட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி ஒட்டினார். வரவில்லை. மொத்தம் ஐந்து முறை. கடைசியில் ஒரு மாமன் வந்தார். அண்ணாச்சி திருப்தியாக டீ குடிக்கப் போய்விட்டார். அவர் போன பிறகு மற்ற நான்கு மாமன்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருக்கிறார்கள். சாம்சன் பார்க்காமல் பிரிண்ட் கொடுத்து, ஆளை விட்டுக் கட்டியும் விட்டார்.

நானே போய்ப் பார்த்தேன். ஐந்து சுயம்புலிங்கமும் ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவராக, ஒரே மீசையோடு, ஒரே வணக்கத்தோடு நிற்கிறார்கள். பாப்பாவில் ஒரு காது மட்டும் தெரிகிறது. நல்லவேளை, காதணி விழா.

மாற்றி அடிக்க நேரமில்லை. கடைக்கு வந்து, கோபத்தில் சாம்சனிடம், "வரலைன்னா காத்திருக்கணும்லா? எதுக்கு அஞ்சு தடவ அமுக்குனாரு?" என்று கத்திவிட்டேன். திரும்பினால் அண்ணாச்சி சாயங்கால டீ கிளாஸோடு நிற்கிறார்.

சத்தம் போடவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார். "தம்பி, கரிவலத்துல பாண்டியராஜ் புதுக்கடை போட்டுருக்கான். வா வான்னு கூப்பிடுதான். ஆடித்தபசு கொடி ஏறுததுக்குள்ள இது சரியாகலன்னா நான் அங்கன போறேன்" என்று சாம்சனிடம்தான் சொன்னார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

சங்கரன்கோவில் திருவிழாவுக்குக் கொடியேற்றம் இருபத்தெட்டாம் தேதி.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வைத்தேன். சுயம்புலிங்கம் கடைக்கு வரக்கூடாது.

ஜூலை 14, திங்கள்

வந்தார். நேரே கல்லாவுக்கு வந்து சாம்சன் கையைப் பிடித்தார். சாம்சன் பிரிண்டர் பக்கமாக நகர்ந்தார்.

"ஏலே சாம்சன்! மாப்ள வீட்டுப் பெரியப்பன் எல்லா விசேசத்துலயும் தன் படத்தத்தான் பெருசா போடுவாரு. நேத்து மண்டபமே என்னயத்தான் பாத்துச்சு. அஞ்சு தடவ! அந்தாளுக்குச் சோறு எறங்கல, கேட்டியா?"

பெட்டி நிறைய அல்வா கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் அந்தப் பெரியப்பா போன் செய்தார். பேரன் பிறந்தநாள் பேனரில் தன் படம் ஏழு வேண்டுமாம்.

நான் அல்வாவோடு அண்ணாச்சியிடம் போனேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் தொடவில்லை.

"அவரு சிரிச்சிட்டாருன்னா என் தப்பு சரியாயிருமாம்மா? பாப்பா மூஞ்ச மறச்சிருக்கேன். பதினெட்டு வருசத்துல அப்படி ஒரு பேனர் என் கையிலருந்து போனதில்ல."

எனக்கு அழுகை வந்தது. அல்வாவை நானே தின்றேன்.

ஜூலை 17, வியாழன்

மூன்று நாளாகத் தோண்டி இன்று பிடித்தேன். விஷயம் சாம்பார்தான்.

பழைய விண்டோஸ் ஒரு படத்தைத் தன் நினைவகத்தில் வரைகிறது. அங்கிருந்து நடிப்புக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு நகல். அங்கிருந்து எங்கள் சாப்ட்வேருக்கு ஒரு நகல். அங்கிருந்து அது திறக்கும் ஜன்னலுக்கு ஒன்று. ஜன்னலிலிருந்து, திரையில் படம் காட்டும் நிஜக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று. குக்கர், சட்டி, ஹாட்பாக்ஸ், கிண்ணம், தட்டு! நொடிக்கு அறுபது முறை இப்படி. கம்ப்யூட்டர் பாவம், படம் வரைவதைவிடப் பாத்திரம் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

நகலே வேண்டாம். விண்டோஸ் வரையும் இடத்தையே நிஜக் கார்டுக்குக் காட்டி, "இங்கேயிருந்தே எடுத்துக்கோ" என்று சொன்னால் போதும். இவ்வளவு எளிதான காரியத்தை எந்த மடையன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதினான்? குறிப்பாக அந்த மூன்றாவது நகல். யாரென்று நாளை பார்க்கிறேன். சும்மா விடமாட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

நான்.

நானேதான். மூணு வருசத்துக்கு முந்தி, கல்யாணத்துக்கு முந்தின வாரம். என் பேரோட, தேதியோட. மேல ஒரு குறிப்பு வேற எழுதிவச்சிருக்கேன்: "தற்காலிகம். பிறகு நேரடியாகக் கொடுக்க வேண்டும்."

பிறகு கல்யாணம் வந்தது. பிறகு சங்கரன்கோவில் வந்தது. பிறகு அத்தை, சாம்பார்.

யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பிரசங்கம் குற்றத்தை அறிக்கையிடுவதைப் பற்றி. பாஸ்டர் என்னையே பார்த்ததுபோல இருந்தது. அவருக்குப் பார்வை மங்கல், எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார்.

ஜூலை 22, செவ்வாய்

நகல்களை எடுத்தாயிற்று. ஒன்றுகூட இல்லை. காலையில் கடையில் போட்டேன். அம்புக்குறி பறந்தது. அண்ணாச்சியின் புருவம் முதல்முறையாக ஏறியது. எனக்குள் கொட்டுமேளம்.

சரியாகப் பத்து நிமிடம்.

அண்ணாச்சி ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரை முடித்துவிட்டு, பெரியப்பாவின் பேரன் பிறந்தநாள் பேனரைத் திறந்தார். திரை பாதியில் கிழிந்தது. மேல் பாதியில் கண்ணீர் அஞ்சலி, மெழுகுவர்த்தி, "ஆழ்ந்த வருத்தத்துடன்". கீழ்ப் பாதியில் கேக், பலூன், ஒரு வயதுப் பையன், அவனைச் சுற்றி ஏழு பெரியப்பா. கண்மூடித் திறப்பதற்குள் சரியாகிவிட்டது. அடுத்த முறை திருப்பியபோது மறுபடி வந்தது.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "பச்சப்புள்ளம்மா. திரையிலன்னாலும் கண்ணால பாத்துட்டேம்லா?"

தண்ணீர் பாட்டிலையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று சாம்சன் பின்னாலேயே ஓடினார். பாட்டில் போய்விட்டது என்றால் ஆள் திரும்ப வருவது சந்தேகம் என்று வந்து சொல்கிறார்.

காரணம் எனக்குத் தெரிகிறது. நிஜக் கார்டு படத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே, விண்டோஸ் அதே இடத்தில் அடுத்த படத்தை வரைய ஆரம்பித்துவிடுகிறது. நான் குக்கரிலிருந்தே அள்ளிச் சாப்பிடும்போது அத்தை அதிலேயே ரசத்தை ஊற்றுகிற மாதிரி. அந்தப் பாழாய்ப்போன நகல்களால் இதுவரை இந்தத் தொல்லை இல்லை.

ஜூலை 23, புதன்

சாம்சன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஏட்டி, நம்ம அப்பா காலத்து ஆளு" என்றார், அவ்வளவுதான். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே? ஜம்பம் எதுக்கு எனக்கு?

ஜூலை 24, வியாழன்

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மாரிசெல்வி அக்கா நாற்காலி போட்டார். நான் உட்காராமலேயே சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க அஞ்சு தடவ அமுக்குனதுக்கு நான் கத்துனேன். ஆனா அது அவ்வளவு மெதுவா இருந்ததுக்குக் காரணமே நான்தான். ஒரு நொடி விடாம ஒரே படத்த நாலு தடவ நகல் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒண்ணு நான் எழுதுனது. தற்காலிகம்னு எழுதி வச்சு மூணு வருசமா மறந்துட்டேன்."

"நொடிக்கு எத்தன தடவம்மா?"

"அறுபது."

சிரிக்க ஆரம்பித்தார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"நான் ஒரு மாமனத்தான் அஞ்சு தடவ ஒட்டுனேன். நீங்க மூணு வருசமா நொடிக்கு அறுபது தடவலா ஒட்டியிருக்கிய!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தற்காலிகம்னு சொன்னியளே. கல்யாண பேனர்ல ஒரு மயில் போடுதேன், பாத்துருக்கியளா? உங்க மாமனாரு அவசரம்னு நின்னாரு, இப்போதைக்கு இருக்கட்டும்னு போட்டேன். ஒரு கால் கெடையாது அதுக்கு. பதினெட்டு வருசமா அந்த நொண்டி மயிலுதான் இந்த ஊருக்கே கல்யாணம் பண்ணி வைக்குது."

வருவாரா என்று கேட்டேன். "கொடி ஏறட்டும், பாப்போம்" என்றார். பாண்டியராஜ் காலையில்தான் வந்து போனதாக அக்கா வாசல்வரை வந்து சொன்னார்.

ஜூலை 26, சனி

இரண்டு பாத்திரம். தீர்வு அவ்வளவுதான். ஒன்றிலிருந்து கார்டு எடுக்கும்போது விண்டோஸ் இன்னொன்றில் வரைய வேண்டும். எடுத்து முடித்ததும் கார்டு "சாப்பிட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அது சொல்லும்வரை விண்டோஸ் அந்தப் பாத்திரத்தைத் தொடக்கூடாது. நகல் இல்லை, கிழிசலும் இல்லை.

போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து, மவுஸ் நகர்வதற்கும் அம்புக்குறி நகர்வதற்கும் எவ்வளவு இடைவெளி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணீர் அஞ்சலியையும் பிறந்தநாளையும் இருநூறு தடவை மாற்றி மாற்றித் திறந்தேன். குழந்தை ஒருமுறைகூடச் சாகவில்லை. அத்தை காபியோடு வந்தவர் பின்னாலேயே நின்று பார்த்தார்.

"இதுதான் உன் வேலையா?"

"ஆமா அத்த." சாம்பார் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கீழே போனார்.

ஜூலை 27, ஞாயிறு

அத்தை குக்கரையே மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

ஜூலை 28, திங்கள்

புதுத் திருத்தத்தை விடிந்ததுமே கடையில் போட்டுவிட்டேன். கொடி ஏறிவிட்டது. ஒன்பது மணி, ஆளில்லை. பத்து மணி, ஆளில்லை. கரிவலம் பஸ் இரண்டு போனதைச் சாம்சன் எண்ணினார். பத்தரைக்கு அண்ணாச்சி விபூதியோடு வந்தார். கோவிலில் கூட்டமாம். கையில் பாட்டில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். பை மூடியிருந்தது.

உட்கார்ந்து, அந்த ஐந்து மாமன் பேனரையே திறந்தார். ஒரு சுயம்புலிங்கத்தைப் பிடித்து வலது கோடிக்கு இழுத்தார். மாமன் மவுஸோடேயே ஓடினார். இடது கோடிக்கு இழுத்தார். வட்டமாகச் சுற்றினார். எட்டுப் போட்டார். மாமன் ஒட்டிக்கொண்டே வந்தார். நான்கு மாமனை ஒவ்வொருவராக அழித்தார். பாப்பாவின் முழு முகமும் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வெரசா வந்தா, நான் எப்பம்மா டீ குடிக்க போறது?"

பையைத் திறந்து பாட்டிலை மேஜையில் வைத்தார். சாம்சன் மூக்கை உறிஞ்சியது எனக்கு மட்டும் கேட்டது.

ஆகஸ்ட் 2, சனி

என் திருத்தத்தைக் கம்பெனியில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த "தற்காலிகம்" வரியை நானே அழித்தேன். எல்லாருக்கும் பயன்படும் என்று மேலாளர் எழுதியிருக்கிறார். பழைய வரியும் உரக்கடை சுயம்புலிங்கத்துக்குப் பயன்பட்டது என்று பதில் எழுத நினைத்து விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித்தபசு. கடைக்கு வழி இல்லாத அளவுக்குக் கூட்டம்.

வருடாவருடம் பக்தர்களை வரவேற்றுக் கடை வாசலில் ஒரு பேனர் கட்டுவோம். இந்த வருடம் அண்ணாச்சி யாருக்கும் காட்டாமல் செய்திருந்தார். சாம்சன் அதில் நாலு தடவை இருக்கிறார். இப்போது ஊரில் அதுதான் நாகரிகம், ஒரு தடவை போட்டால் மரியாதைக் குறைவு. நான் இதுவரை எந்தப் பேனரிலும் இருந்ததில்லை. இதில் இருக்கிறேன், "எப்சிபா, கம்ப்யூட்டர்" என்று. ஆனால் ஒரே ஒரு தடவை.

"நான் மட்டும் ஏன் ஒண்ணு, அண்ணாச்சி?"

"நகலே கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

அத்தை இதோடு மூன்று முறை வாசலுக்குப் போய்விட்டு வந்துவிட்டார். போகிற வருகிறவர்களிடம், "எங்க மருமவ. டிவி இல்ல, வேல" என்று விளக்கம் வேறு.

மாலையில் கூட்டம் குறைந்ததும் பேனர் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கீழ் மூலையில் எப்போதும் கடையின் போன் எண் மட்டும்தான் இருக்கும். அங்கே சின்னதாக அண்ணாச்சியின் படம். பதினெட்டு வருடத்தில் தன் முகத்தை அவர் எந்தப் பேனரிலும் போட்டதில்லை. பக்கத்தில் அந்த நொண்டி மயில், இப்போது இரண்டு காலோடு. படத்துக்குக் கீழே "செல்வமணி, டிசைனர்" என்று எழுதி, அதற்கும் கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறார்.

"தற்காலிகம் அல்ல."