உன்னோடு வரிசையில் நின்றவன்

இன்று காலை சந்தையில் மீன்காரி எனக்குக் கொடுவா வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தவள், சட்டென்று நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள்.

"ஐயா, உங்கட கூட்டாளியக் கன நாளாக் காணல்ல. பூனைக்கெண்டு மீன்தல வாங்கிட்டுப் போறவர். பூனை செத்துப் போச்சா?"

"அவர்தான் செத்துட்டார்" என்றேன்.

அவள் கத்தி நிற்கவில்லை. "அப்ப பூனைய ஆரு பாக்கிற?" என்றாள்.

உன் வீட்டில் பூனை இருந்ததே இல்லை. சரியாகச் சொன்னால் உனக்கு வீடே இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளின் கலியாணத்தோடு வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தாய். மனைவி செத்த பிறகு அதே வீட்டின் பின்னறையில் இருந்தாய். அந்த மீன்தலைகளை யார் தின்றது என்று இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கையில் மீன் வாடை போகவில்லை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் நெல் ஆலையில் எஞ்சின் பார்த்தவன் நீ. தனியார் வேலை, பென்சன் கிடையாது. வேலையை விட்டு வரும்போது ஒரே தடவையாகக் கிடைக்கும் சேமலாபக் காசுதான் மிச்சக் காலம் முழுவதற்கும். நான் தபால் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்தவன். மாதம் பிறந்தால் எனக்குப் பென்சன் வரும். அது போதாதென்று ஒரு நிதிக் கம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கொமிசன் வாங்கிக்கொண்டிருந்தேன். உன் காசு வந்த நாலாம் நாள் உன் அறையில் படிவத்தோடு வந்து உட்கார்ந்தேன்.

வங்கியைவிட வட்டி கூட என்று விளக்கத் தொடங்கினேன். நீ படிவத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய்.

"நீ போட்டிரிக்கியா?"

"ஓம் மச்சான். என்ட காசும் அங்கதான்."

"அப்ப பேனையத் தா."

அன்று நான் சொன்னது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் பிறகு எல்லாப் பொய்யையும் நட்டேன்.

இரண்டு வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. வட்டி வரும்வரை நீ அந்த வீட்டில் பெரியவன். மருமகன், "மாமா சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பான். "கையில சல்லி இரிக்கிற மட்டும்தான் மச்சான் நாம மனிசர்" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு பின்னேரம் கம்பனியின் கிளை முகாமையாளர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஐயா, உங்கட காச நாளைக்கே எடுங்க. ஒருத்தருக்கும் வாய் திறக்க வேணாம்" என்றார். மறுநாள் காலை முழுவதையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தால் நடந்து வந்தேன். அங்கே நீ வாவிக்குள் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றாய்.

"என்ன மச்சான், இப்பிடி வேர்த்துக் கொட்டுது? எங்க போய் வாறாய்?"

"கிளினிக்குக்கு. பிரஷர் கூடிட்டாம்."

உடனே தூண்டிலைச் சுற்றினாய். "பைய இஞ்ச தா. பிரஷர்காரன் பாரம் தூக்கப்படாது" என்று என் தோளிலிருந்து அதைக் கழற்றினாய். பாலத்தின் மற்ற அந்தம் வரை என் காசை நீதான் சுமந்து வந்தாய். தேத்தண்ணிக் கடையில் சீனி போடாத தேத்தண்ணி வாங்கித் தந்து அதற்கும் நீயே காசு கொடுத்தாய்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ எடுப்பாய். நீ எடுத்தால் ஊர் எடுக்கும். அந்த மாதம் எனக்கு வர வேண்டிய கொமிசன் நின்றுவிடும். அவ்வளவுதான். பெரிய காரணம் ஏதாவது அகப்படுமா என்று இத்தனை காலமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

மூன்று கிழமையில் கம்பனி இழுத்து மூடிக்கொண்டது. பூட்டின கதவுக்கு முன்னால் வயதானவர்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே ஆளில்லை என்று தெரிந்தும் வரிசை கலையவில்லை. போகாமல் விட்டால் சந்தேகம் வரும் என்று நானும் போனேன். கூட்டத்தில் ஒருவர் என்னைக் கண்டு, "இவன்தான் எங்களக் கொண்டந்து தள்ளினவன்" என்று சட்டையைப் பிடித்தார். நீ இடையில் பாய்ந்தாய்.

"விடுங்க அவன! அவன்ட காசும் போய்த்தான் இரிக்கி. அவன் எங்களோட ஒண்டா விழுந்தவன்."

அவர் கையை எடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு உன் பக்கத்தில் வரிசையில் நின்றேன்.

அதற்குப் பிறகு உன் வீட்டில் எல்லாம் மெல்ல மெல்லத்தான் நடந்தது. ஒருவரும் உன்னை ஏசவில்லை. "அப்பா, புள்ளைக்குப் படிக்க அறை வேணும்" என்று மகள் கேட்டாள். நீ விறாந்தைக்கு வந்தாய். விறாந்தையில் மோட்டார் சைக்கிள் விட வேண்டியிருந்தது. பின்னால் விறகுக் கொட்டிலுக்குப் போனாய். எழுபது வயதில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் செக்கியூரிட்டி வேலைக்குச் சேர்ந்தாய். வேறு யாருக்கோ தைத்த சட்டை உன் தோளில் தொங்கியது. பன்னிரண்டு மணித்தியாலம் நின்று கால் வீங்கியிருந்தது. காசை மிச்சம் பிடிக்க, உன் பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாய். "பாதிப் பிரஷர்தான் மச்சான் எனக்கு" என்றாய்.

ஒன்பது மாதம் நான் பொறுத்திருந்தேன். பிறகு வீட்டுக்கு மாபிள் பதிக்கத் தொடங்கினேன். உனக்கு லீவு கிடைத்த ஒரு நாள், சொப்பிங் பையில் றாலோடு வந்தாய். "தங்கச்சி, இவன் றால் எண்டா விடமாட்டான். பாவம், இப்ப எங்கால வாங்கப் போறான்" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே பையை வாசலில் வைத்தாய். உள்ளேயிருந்து மேசன் தலையை நீட்டினான்.

"ஐயா, குசினிக்கும் இதே மாபிள்தானா?"

நீ தரையைப் பார்த்தாய். நெடுநேரம் பார்த்தாய்.

"எப்ப எடுத்தாய்?"

மேசனைச் சமையல் பக்கம் போகச் சொல்லிக் கை காட்டினேன்.

"அண்டைக்குப் பாலத்தில... அந்தப் பையா?"

"ஓம்."

உன் வலது கையை ஒருமுறை விரித்துப் பார்த்தாய். நீ அடிப்பாய் என்று நினைத்தேன். நீ குனிந்து றால் பையை எடுத்தாய். "மகளிட்டக் குடுத்தா ஒரு நேரக் கறிக்காகும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாய். "கொண்டந்தத திருப்பிக் கொண்டு போறாரே, என்ன மனிசன்" என்றாள் என் மனைவி.

அதன் பிறகு இரண்டு தடவை நீ காவல் நின்ற சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்க என்றுதான் வந்தேன். நீ கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்து, "வாங்க சேர்" என்றாய். போகும்போது, "நன்றி சேர்" என்றாய். மற்ற எல்லோருக்கும் சொல்லும் அதே குரல். மூன்றாம் தடவை நான் வரவில்லை.

சித்திரை வெயிலில், மத்தியானம், வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் ஒரு காரைப் பின்னுக்கு எடுக்கக் கை காட்டிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தாயாம். செக்கியூரிட்டி வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கம்பனிக்காரன் செத்தவீட்டுக்கு வந்தான். அனுதாபம் சொன்னான். பிறகு யூனிபோர்மைக் கேட்டான். உன் மகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மற்றச் சட்டையை மடித்துக் கொடுத்தாள். உன்னோடு ஆஸ்பத்திரிக்குப் போனதை அங்கே வெட்டித்தான் கழற்றினார்களாம். அதற்கு உன் கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டான்.

நான் செய்ததை நீ ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அதனால் உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைத்தான் எழுப்பிவிட்டார்கள். பேசினேன். நன்றாகப் பேசினேன். அன்று வரிசையில் என் சட்டையைப் பிடித்தவர் வந்து என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

போன மாதம் உன் மகள் வந்தாள். காசை இழந்தவர்களுக்கு ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். இறந்தவருடையதை எடுக்க வாரிசுப் படிவம் நிரப்ப வேண்டும். நான் கந்தோரில் இருந்தவன் அல்லவா, என்னிடம் கொண்டு வந்தாள். வருகிற தொகை உன் சவப்பெட்டிச் செலவுக்கும் காணாது. நிரப்பிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"மாமா, உங்கட பங்கும் வந்திட்டா?"

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லியிருக்கலாம்.

"ஓம் மகள். கொஞ்சம் வந்தது."

"நல்லது மாமா. கடைசி நேரத்தில அப்பா ஒருத்தரோடயும் கதைக்கிற இல்ல. உங்களப் பத்திக் கேட்டா மட்டும், 'என்ன விட அவனுக்குத்தான் நட்டம் கூட' எண்டு சொல்லுவார்."

அவள் அதைக் காசு என்று நினைத்திருக்கிறாள். அந்த ஒரு வசனத்தை நான் சந்தைக்கும் கோயிலுக்கும் படுக்கைக்கும் கொண்டு திரிகிறேன். இறக்கி வைக்க ஆளில்லை. இறக்கி வைக்கக் கூடிய ஒரே ஆள் நீ.

அன்று அவளைத் திருத்தவில்லை. படிவத்தின் அடியில் 'சாட்சி' என்று போட்டிருந்த இடத்தில், லிகிதர் வேலை பார்த்த கை அல்லவா, அழகாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்து அனுப்பினேன்.